சிரமப்படாதீங்க மாமா

கதையில் வரும் ஒருவர் ஒரு வரியை எந்தத் தொனியில் பேசுகிறார், கோபமா, கிண்டலா, வருத்தமா என்று கண்டுபிடிப்பது எப்படி என எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். என் அக்கா கல்யாணத்தில் நான் செய்த காரியம் மட்டும் அந்தப் பெற்றோர்களுக்குத் தெரிந்திருந்தால், பிள்ளைகளை அன்றைக்கே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளி. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்த சூடு ஆறவில்லை. வகுப்புச் சுவரில் நானே வரைந்த ஒரு சார்ட் தொங்கும். அதில் வட்ட வட்டமாக முகங்கள். கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம், கிண்டலுக்கு ஒரு பக்கம் கோணிய வாய். (அந்தக் கோணல் வாயை வரைய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நிஜமான கோணல் வாய் ஒன்று எதிரே உட்கார்ந்து என்னோடு காபி குடித்தபோது அதை அடையாளம் காண எனக்கு மூன்று வாரம் ஆனது.)

ஒரு தேர்வில் கேள்வி கேட்டிருந்தேன். “ரொம்ப நல்லா இருக்கு” என்று கதையில் வரும் அத்தை சொல்கிறார், அவருடைய தொனி என்ன? நான் வைத்திருந்த விடை, மகிழ்ச்சி. ஒரு மாணவி, “எந்த அத்தைன்றத பொறுத்து, மிஸ்” என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் முட்டை போட்டேன். பக்கத்தில், பாடத்தை ஒழுங்காகப் படி என்று அறிவுரை வேறு.

இப்படிப்பட்ட மகா அறிவாளியை நம்பித்தான் என் அம்மா தன் அண்ணனுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தனுப்பினாள்.

எங்களுக்கு அச்சரப்பாக்கம். அப்பாவுக்கு அங்கே உரக்கடை, கொஞ்சம் நிலம். அக்கா கவிதாவுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஈசிஆர் ஓரமாக ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். பின்கதவைத் திறந்தால் கடல். கல்யாணத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. போட்டோவுக்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவார். பட்டம் என்றால் பளபளவென்று ஒரு தகடு, இரண்டு பக்கமும் நூல், அவ்வளவுதான். முடிச்சுப் போடத் தெரிந்த யாரும் கட்டிவிடலாம். ஆனால் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அதனால்தான் முதல் பத்திரிகை குலசாமிக்கும் அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கும் போகும். சாமி கோபித்துக்கொண்டால் பரிகாரம் உண்டு.

எங்கள் தாய்மாமன் ஒரே ஒருவர்தான். சேகர் மாமா. கல்யாணமானதும் புதுப்பட்டினம் போய் பெயிண்டுக் கடை வைத்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அணுமின் நிலையக் குடியிருப்பில் வேலை செய்கிற பெயிண்டர்கள் பாதிப் பேர் அவர் கடைக்குத்தான் வருவார்கள். சின்ன வயதில் நான் போனால் கடையை அப்படியே போட்டுவிட்டு, “பாப்பா வந்துகீதுடி” என்று அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருவார். திரும்பும்போது பஸ் ஏற்றிவிட வருவார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாக ஏதாவது தின்பண்டப் பொட்டலத்தைத் திணிப்பார்.

நான் செய்த முதல் புண்ணிய காரியம், பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்கே அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. கூடவே ரோஜாப்பூ, இதயம், பட்டாசு. குலசாமிக்கே இன்னும் பத்திரிகை போகவில்லை. ஒன்றுவிட்ட பெரியப்பா, ஒட்டாத சித்தி என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். சேகர் மாமா மூன்று கும்பிடு போட்டிருந்தார். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கும்பிடு. நம் ஊரில் வாசலில் நின்று வரவேற்கவும் கும்பிடுவார்கள், ஆளை விடு சாமி என்பதற்கும் கும்பிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. “மாமா எவ்ளோ பக்தியா வாழ்த்தியிருக்காரு பாரும்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

அந்த வாரமே அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். அம்மாவால் அவரை விட்டு நகர முடியவில்லை. அவர்கள் ஜோடியாகப் போய் வைக்க வேண்டிய பத்திரிகையை அம்மா என்னிடம் கொடுத்தாள். “எங்க அண்ணன்தான, ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நீ போய் தட்டோட குடுத்துட்டு, விழுந்து கும்பிட்டுட்டு வா” என்றாள். நான் செங்கல்பட்டில் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போய் இறங்கினேன். கையில் தட்டு, பழம், வெற்றிலைப் பாக்கு, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. தலையில் எம்.ஏ.

மாமா கடையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க டீச்சர். உக்காருங்க” என்றார்.

எனக்கு அப்படியே குளிர்ந்துபோய்விட்டது. இத்தனை வருஷமாகப் பாப்பா, வா, போ என்று பேசியவர் இன்று வாங்க என்கிறார், டீச்சர் என்கிறார். படிப்புக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சொந்த மாமன் திடீரென்று மரியாதையாகப் பேசினால் ஓடிப்போய்க் காலில் விழ வேண்டும் என்பது இந்த மாவட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். விழுந்து கும்பிடச் சொல்லி அம்மா சொன்னது மறந்தே போனது.

தட்டை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

“அங்க டேபிள் மேல வைங்க” என்றார். டேபிளில் கலர் அட்டைகளும் திறந்த பிரைமர் டப்பாவும் இருந்தன. டப்பாவைத் தள்ளிவிட்டு வைத்தேன்.

“போன்லயே பாத்துட்டமே. இதுக்காக இவ்ளோ தூரம் வரணுமா? நல்லா கீது பத்திரிக” என்றார் மாமா.

“கலர் நான்தான் செலக்ட் பண்ணேன் மாமா!” என்றேன்.

“அப்டியா? எம் பேருகூட போட்டுகீறீங்களே. சந்தோஷம்.”

“கீழ கொஞ்சம் இடம் இருந்துச்சு மாமா!” என்றேன்.

(இந்த இடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திட்டிக்கொள்ள வாசகர்களுக்கு அனுமதி உண்டு. நானே வருஷத்துக்கு நாலு தடவை நிறுத்தித் திட்டிக்கொள்கிறேன்.)

விஜயா அத்தை காபி கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அத்தைக்குக் கண்ணில் ஏதோ தூசி என்று நினைத்தேன்.

“பெரிய எடத்து சம்மந்தம். ஈசிஆர்ல மண்டபம். எங்கள மாதிரி ஆளுங்க அங்க வந்து இன்னா பண்ணப் போறோம்?” என்றார் மாமா.

“பின்னாடியே பீச் மாமா. கடல் பாக்கலாம்” என்றேன். முப்பது வருஷமாகக் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிற மனிதரிடம்.

மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என் சார்ட்டில் இருந்த அதே கோணல். நான் அதைப் பார்த்துக்கொண்டே காபியை உறிஞ்சினேன்.

“அது சரி. ஆனா கடைய யாரு பாக்கறது? அன்னிக்குனு பாத்து பெயிண்டருங்க வந்துட்டா?”

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? கடையா முக்கியம், நீங்க இல்லாம பந்தல்ல யாரு நிக்கிறது, நீங்க வரலன்னா எங்க அம்மா மணமேடையே ஏற மாட்டா என்று பதற வேண்டும். அவர் இன்னும் இரண்டு தடவை பிகு செய்வார். நாம் இன்னும் இரண்டு தடவை கெஞ்ச வேண்டும். கடைசியில், சரி சரி பாக்கலாம் என்பார். அப்படியென்றால் வருகிறார் என்று அர்த்தம். எங்கள் குடும்பங்களில் இதைச் சொல்லித்தருவதற்குப் பாடம் கிடையாது. பாடம் நடத்துகிற எனக்கோ இது தெரியவே தெரியாது. பெரியவருக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்கிறது போலும், நாம் வற்புறுத்தக் கூடாது என்று நாகரிகமாக யோசித்தேன்.

“ஆமா மாமா. கடைதான் முக்கியம். நீங்க சிரமப்படாதீங்க” என்றேன்.

அத்தை கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. மாமா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. இருந்தும் வெகுநேரம் அதையே பார்த்தார்.

“போய்ட்டு வாங்க டீச்சர். நல்லா நடத்துங்க” என்றார்.

பஸ் ஏற்றிவிட அவர் வரவில்லை. வியாபார நேரம், பாவம் என்று அதற்கும் நானே சமாதானம் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “இன்னாடி சொன்னாரு?”

நான் வகுப்பில் கதைச் சுருக்கம் சொல்வதுபோலச் சொன்னேன். “பத்திரிக நல்லா இருக்குன்னாரு. பேர் போட்டதுக்கு சந்தோஷம்னாரு. கடைய யாரு பாத்துக்கறதுன்னு கொஞ்சம் யோசிச்சாரு. நல்லா நடத்துங்கன்னாரு. அத்த காபி குடுத்தாங்க.”

“மூஞ்சி எப்டி இருந்துது?”

“மூஞ்சி மாதிரிதாம்மா இருந்துது.”

வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். ஒரு பொய் கிடையாது. நான் அவரிடம் சிரமப்படாதீர்கள் என்று சொன்னதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு அம்மா போன் செய்தபோதெல்லாம் அத்தைதான் எடுத்தாள். “கடைல கீறாரு” என்று வைத்துவிட்டாள். கல்யாண வேலை, அப்பாவின் கால், சமையல்காரர் என்று பல பக்கம் இழுபட்ட அம்மா, அண்ணனுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

ரிசப்ஷனுக்கு மாமா வரவில்லை. கடையை அடைத்துவிட்டுக் காலையில் வருவார் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். காலையும் வந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவைப் பந்தலுக்குக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். ஐயர், “தாய்மாமன் வாங்கோ, பட்டம் கட்டணும்” என்றார்.

யாரும் வரவில்லை. ஐயர் மறுபடி கூப்பிட்டார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். டிரோன் ஒன்று மட்டும் தலைக்கு மேல் ரீங்காரமிட்டுக்கொண்டு எங்கள் அவமானத்தை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். “எங்கடி உன் மாமன்? நீ பத்திரிக வெச்சப்போ இன்னா பேசுனாரு? மொதல்லேர்ந்து சொல்லு.”

நான் முதலிலிருந்து சொன்னேன். ‘வாங்க டீச்சர்’ என்றபோதே அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டேபிள் மேல் வைக்கச் சொன்னதைச் சொன்னபோது தூணைப் பிடித்தாள். கீழே இடம் இருந்தது என்று நான் சொன்னதைக் கேட்டபோது நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“கடைய யாரு பாக்கறதுன்னாரே, அதுக்கு நீ இன்னா சொன்ன?”

“கடைதான் முக்கியம், சிரமப்படாதீங்கன்னு...”

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் தாய் அப்படி அழுவதைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் ஏதோ உறைத்தது.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வந்தார். எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிற, கையில் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற ஆள். “இன்னா இப்போ? தாய்மாமன் இல்லன்னா பங்காளி யாராச்சும் கட்டட்டுமே. நேரம் போய்க்கினே கீதில்ல?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க அண்ணன் வராம எம் பொண்ணு நெத்தில எவனும் கை வெக்கக் கூடாது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “பத்தரைக்குள்ள அவர கூட்டினு வா. இல்லன்னா நீயும் வராத.”

பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன். தலை நிறைய மல்லிகை, அதன் மேல் ஹெல்மெட். ஈசிஆரில் தெற்கே பறந்தேன். வழியில் கல் தச்சுப் பட்டறைகளில் வரிசையாக நின்ற சிலைகள் எல்லாம் ஒரே மாதிரி அமைதியாக என்னைப் பார்த்தன. கல் முகத்தைப் பார்த்துக்கூட அது என்ன நினைக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ரத்தமும் சதையுமாக இருந்த முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. சதுரங்கப்பட்டினம் தாண்டும்போது ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதேன். அக்காவுக்கு என்னால் இப்படி ஆகிவிட்டதே என்பது ஒரு பக்கம். கண்ணாடி மூடியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாதது இன்னொரு பக்கம்.

மாமா கடையின் ஷட்டர் மூடியிருந்தது. பின்னால் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார். முன்னால் பூமாலை. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், காலில் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த செருப்பு. மோதிரம் போடாத விரலே இல்லை. பக்கத்தில் சீர்வரிசைத் தட்டுகள். புடவை, வளையல், பழம், எல்லாவற்றுக்கும் மேலே சின்ன டப்பாவில் பட்டம். அத்தை பட்டுப் புடவையில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். புடவை கசங்கிவிடும் என்று உட்காரவே இல்லையாம். இரண்டு பேரும் விடியற்காலை ஐந்து மணிக்கே தயாராகி, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“வாங்க டீச்சர். கல்யாணம் முடிஞ்சிதா?” என்றார் மாமா.

“நீங்க வராம எப்படி மாமா முடியும்?”

“நான் இன்னாத்துக்கு? கடைய தொறக்கணுமே. கடைதான முக்கியம்?”

அவர் கோலத்தைப் பார்த்தேன். இப்படி உடுத்திக்கொண்டு யாராவது டிஸ்டம்பர் கலக்குவார்களா? வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு விளங்கியது. இந்த மனிதர் சொல்வதெல்லாம் தலைகீழ்! வரவில்லை என்றால் வருகிறேன், போ என்றால் இரு. எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு கோட்பாடு கிடைத்துவிட்டால் போதும், பிறகு கண்ணால் எதையும் பார்க்க மாட்டார்கள். நான் அப்படியே தரையில் விழுந்து அவருடைய இரண்டு கணுக்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“தப்பு என்மேலதான் மாமா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் ஒரு மக்கு. நீங்க வரலன்னா அக்கா கல்யாணம் நின்னுடும் மாமா. அம்மா அழுவுறாங்க மாமா.”

அழுகை நிஜம்தான். மூக்கெல்லாம் ஒழுகியது. மாமா குனிந்து என் தலையில் கை வைத்தார்.

“எழுந்திரு பாப்பா” என்றார்.

பாப்பா! கோபம் போய்விட்டது. ஒரு சாதாரண மனுஷி அங்கேயே எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறியிருப்பாள். ஆனால் என் கோட்பாட்டின்படி எழுந்திரு என்றால் எழுந்திருக்காதே. நான் பிடியை இறுக்கினேன்.

“வரேன், கால வுடு.”

வருகிறேன் என்றால் வர மாட்டேன். இன்னும் இறுக்கினேன்.

“பாப்பா, ரெண்டே நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன். வுடும்மா.”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் திட்டம்! “மாட்டேன் மாமா! நீங்க கோவமாத்தான் இருக்கீங்க!”

“கோவமெல்லாம் போச்சும்மா! வயித்த கலக்குது! காத்தாலேர்ந்து வெறும் காபியா குடிச்சிகினு கீறேன்! கால வுடு!”

“பொய் மாமா! என்னை மன்னிச்சேன்னு சொல்லுங்க!”

“மன்னிச்சிட்டேன்!”

மன்னித்துவிட்டேன் என்றால்? நான் விடவில்லை. மாமா என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே ஓரடி நகர்ந்தார். புதுச் செருப்பு ஒன்று கழன்றது. சத்தம் கேட்டு டிரைவர் எழுந்து வந்து வாசலில் வாயைப் பிளந்து நின்றார்.

அத்தைதான் ஓடி வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “அடியே, அவரு நெஜமாத்தான் சொல்றாரு! அவசரம்டி! பட்டு வேட்டிடி!”

மாமா ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தப்பட்டது. எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, “மாமா, வந்துடுவீங்கல்ல?” என்றேன்.

“ஏம்மா, இங்கயாவது நிம்மதியா வுடேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காரில் அத்தைதான் எனக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். பத்திரிகை போனில் வந்த அன்று மாமா இரவு சாப்பிடவில்லை. அம்மாவோ அப்பாவோ வராமல் நான் மட்டும் வந்ததில் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல். எல்லாவற்றுக்கும் மேல் நான் அவரைச் சிரமப்பட வேண்டாம் என்றது. “தங்கச்சி பொண்ணுக்கு பட்டம் கட்றது சிரமமாடி?” என்று கேட்டாள். முன்சீட்டில் மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். (தோளையும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.)

மண்டபத்தில் நுழைந்தபோது முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம்கூட இல்லை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“இன்னாண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?” என்றாள்.

“வண்டி கெடைக்கல” என்றார் மாமா. வாசலில் விடியற்காலையிலிருந்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தவர்.

“சாப்டியா?”

“நீ சாப்டியா?”

அவ்வளவுதான். மன்னிப்பும் கிடையாது, விளக்கமும் கிடையாது. இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. முக்கால் மணி நேரம் சார்ட்டைக் குச்சியால் தட்டித் தட்டி நான் நடத்துகிற பாடத்தை அண்ணனும் தங்கையும் நாலு வரியில் முடித்துவிட்டு உள்ளே போனார்கள். மாமா பட்டம் கட்டும்போது முடிச்சு விழவில்லை. அக்கா தலையைக் குனிந்து, “மெதுவா கட்டுங்க மாமா” என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும், நேரம், நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டிமேளத்தில் அவர் குரல் எடுபடவில்லை.

பள்ளியில் அந்த சார்ட்டைக் கழற்றினேன். முட்டை வாங்கிய மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஏன் என்று கேட்டாள். எந்த அத்தை என்பதைப் பொறுத்துத்தான் என்றேன். அதைக் கிண்டல் என்று நினைத்து அழுதுவிட்டாள்.

குடும்பத்தில் இன்றுவரை யாரும் என்னிடம் பத்திரிகை கொடுத்தனுப்புவதில்லை. மாமா எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையை எடுத்துவிடுவார். முதல் வருஷம் என்னை ஓரடி இழுத்துக்கொண்டு போனதாகத்தான் சொன்னார். இப்போது பின்கட்டு வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டே போனதாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாராவது, எனக்குச் சாப்பாடு வேண்டாம், நான் வரவில்லை, எனக்குத் தூக்கம் வருகிறது என்று எதைச் சொன்னாலும் சின்னப் பிள்ளைகள்கூட ஒரே கேள்விதான் கேட்பார்கள். “நெஜமாவா, கோவமாவா?”

போன மாதம் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகையை முதலில் நான் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். மாமா மகன் போட்டிருந்தான், ரோஜாப்பூவோடு. இதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆளா? மூன்று கும்பிடு மட்டும் போட்டேன். இரண்டு நாள் கழித்துச் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு மாமாவும் அத்தையும் தட்டோடு வந்தார்கள்.

“நான் எதுக்கு மாமா? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. எனக்கு ஸ்கூல் இருக்கு” என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாமா தலையை ஆட்டினார். “ஆமா. ஸ்கூல்தான் முக்கியம். நீங்க சிரமப்படாதீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனாள். என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அன்று இரவு ரசம் மட்டும்தான்.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை என்பது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, பட்டுப் புடவை கட்டி, குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த தோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். எங்கேயும் போவதற்காக அல்ல, சும்மாதான். காபி குடித்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு காபி குடித்தேன். யாருமே வராவிட்டால் என்ன செய்வது? ஏழு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

“இங்க மார்க்கெட்டுக்கு பூ வாங்க வந்தேன்” என்றார் மாமா. புதுப்பட்டினத்தில் பூவே கிடைக்காது பாருங்கள். “இன்னா பாப்பா, கெளம்பலயா? உன்ன வுட்டுட்டு அங்க காது குத்துவாங்களா?”

எனக்கு அழுகை முட்டியது. கூடவே, குடித்த காபியும்.

“ரெண்டு நிமிஷம் மாமா. பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்” என்றேன்.

மாமா வாசற்படியில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார்.

“நெஜ பாத்ரூமா, கோவ பாத்ரூமா? சொல்லிட்டு போ. எனக்கு முட்டி வலி. கால புடிக்கணும்னா இப்பவே குனிய ஆரம்பிக்கணும்.”